போன வாரத்து விலை

என் கடையில் மெமரி கார்டுக்கு விலைச் சீட்டு ஒட்டுவதில்லை. ஒட்டினால் வாரா வாரம் கிழிக்க வேண்டும், அதற்குத் தனியாக ஓர் ஆளை வைக்க வேண்டும். ரீசார்ஜ் கார்டில் விலையைக் கம்பெனிக்காரர்களே அச்சடித்துவிடுகிறார்கள். செல்போன் உறைக்கு என் வாய்க்கு வந்ததைச் சொல்லலாம், வாங்குகிறவர்களும் வாய்க்கு வந்ததைக் கேட்பார்கள். மெமரி கார்டு அப்படியில்லை. திங்கட்கிழமை ஒரு விலை, வெள்ளிக்கிழமை ஒரு விலை, அதுவும் இறங்குமுகமாகவே. நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் காஞ்சிபுரம். இங்கே பட்டு நூல் ஏறும், ஜரிகை ஏறும், சேலை ஏறும். விலை என்றால் ஏறுவதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, பெட்டிக்குள் சும்மா கிடந்தபடியே இறங்குகிற சரக்கோடு பழகக் கொஞ்ச காலம் ஆயிற்று.

கடை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போகிற வழியில், ஒரு லாட்ஜின் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். ஒரு கண்ணாடிப் பெட்டி, பாட்டு ஏற்றித்தர ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு மேஜை ஃபேன். என் வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு பார்ப்பதால் கடையில் என் ராஜ்ஜியம்தான். நான் சொல்வது 2008-ஆம் வருஷம். ஊரில் பாதிப் பேர் கையில் கார்டு போடுகிற செல்போன் வந்துவிட்டிருந்தது. தறியில் உட்காருகிறவர்கள் ரேடியோவை விட்டுவிட்டுப் பாட்டு ஏற்றிக்கொள்ள வந்தார்கள். முதல் தடவை வந்த ஒரு தறிக்காரர் நகத்தளவு கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எரநூறு பாட்டாமா? அத்தினி பேரும் எங்க உக்காந்துக்கினு பாடுவாங்க?" என்று கேட்டார்.

வாங்காமலே வருகிறவர்களும் உண்டு. சன்னதித் தெரு வத்ஸலா டீச்சர் அதில் முதல் ஆள். அவர் மகன் ஒரு கேமரா அனுப்பியிருந்தான், அதற்கு ஒரு கார்டு வேண்டும். மாதம் ஒரு தடவை கோயிலுக்குப் போகிற வழியில் நின்று விலை கேட்பார்.

"நானூறு, டீச்சர்."

"போன மாசம் ஐநூறுன்னியே. அப்போ அடுத்த மாசம் முந்நூத்தம்பதாயிடும். அப்போ வாங்கிக்கறேன்மா."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்குக் கோபம்.

என் நைனா சிட்டிபாபுவிடம் இந்தக் கோபத்தைச் சொன்னபோது அவர் சிரித்தார். நைனா மாட்டுத் தரகர். வாலாஜாபாத்தைச் சுற்றியிருக்கிற சந்தைகளில் எந்த மாடு கைமாறினாலும் நடுவில் அவர் துண்டு இருக்கும். கடை திறந்த புதிதில் அவர் ஒரு கார்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது இன்னா தின்னும்?"

"ஒண்ணும் தின்னாது நைனா."

"அப்ப வெச்சி விக்கலாமே. மாடுன்னா நின்னா தீனி, படுத்தா தீனி. அதான் சந்தையிலயே தள்ளிட்டு வந்துடணும்."

"வெச்சா வெலை எறங்கிடும்."

"தின்னாமலே எளைக்குதா? இன்னா ரகம்மா இது" என்று கார்டைத் திரும்பக் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். அந்த வருஷம் முழுக்க யாரைப் பார்த்தாலும் என் மகள் தின்னாமல் இளைக்கிற மாடு விற்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெருமையாகத்தான் சொன்னார்.

அது அவர் பேசிக்கொண்டிருந்த காலம். 2008 தை மாதத்தில் ஒரு காலையில் பல் விளக்கப் போனவர் கிணற்றடியிலேயே விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கையும் வலது காலும் அவருடையவை போல இல்லை. பேச்சு மொத்தமாகப் போயிருந்தது. சொன்னால் புரிகிறதா என்றும் தெரியவில்லை. "நைனா, தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டால் நம்மைத் தாண்டித் தெருவைப் பார்ப்பார். டாக்டர் கையை விரித்தார். புரியலாம், புரியாமலும் இருக்கலாம், உள்ளே போய்ப் பார்க்க முடியாது என்றார். அம்மா கங்கையம்மாள் இருந்திருந்தால் அவர் முகத்தைப் பார்த்தே சொல்லியிருப்பாள். அவள் போய்ச் சில வருஷங்களாகிவிட்டன.

வீட்டில் தனியாக விட முடியாது என்பதால் தினமும் காலையில் ஆட்டோவில் கடைக்கே கூட்டி வருவேன். என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எப்போதும் போல இடது தோளில் துண்டைப் போட்டுவிடுவேன். துண்டில்லாத நைனாவை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் இஷ்டமில்லை. அவர் தெருவைப் பார்த்தபடி இருப்பார், நான் வருகிறவர்களோடு விலை பேசிக்கொண்டிருப்பேன்.

அந்தத் துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரிந்துவிட்டால் அடுத்த மாட்டின் பேரம் கெட்டுப்போகும். அதனால் தரகரும் வாங்குகிறவரும் கைகளின் மேல் துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் இரண்டு, கை முழுவதையும் பிடித்தால் ஐந்து. உள்ளங்கையில் நகத்தால் ஒரு கீறு கீறினால் அரை. அது நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். கைகள் பேசும்போது முகத்தைப் பார்க்கக் கூடாது. இரண்டு பேரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, மழை வருமா என்று யோசிப்பவர்களைப் போல நிற்பார்கள். கொடுக்க இஷ்டமில்லை என்றால் எதிராளியின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, மூடிய கையாக்கி, அவர் பக்கமே தள்ளிவிடுவார்கள். அதற்கு மேல் பேச்சில்லை.

எல்லாம் வலது கையால்தான். இடது கை கூடவே கூடாது. ஒரு தடவை வலது கையில் கட்டுப் போட்ட ஒருவர் ஜோடி மாடு வாங்க வந்து இடது கையை நீட்டினார். நைனா கையைத் தொடவேயில்லை. "யாராவது கைய இட்டுக்கினு வா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அந்த மனுஷன் ஊருக்கு ஆள் அனுப்பித் தன் மச்சானை வரவழைத்து, மச்சான் கையால் பேரம் முடித்தார். சந்தையே அதைச் சொல்லிச் சிரித்தது, நைனா மட்டும் சிரிக்கவில்லை.

நானும் அண்ணன் ராமராஜனும் சின்ன வயதில் பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அவரோடு சந்தைக்குப் போவோம். மாடுகள் குறைந்ததும் நான் துண்டுக்குள் கையை விட்டு, "எனக்கு இன்னா வெலை?" என்று கேட்பேன். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டே என் விரல்களை மடக்குவார். உடனே அண்ணனும் கையை விடுவான். அவனுக்கும் அதே பதில்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கொஞ்ச நாளில் எனக்கு ஓர் ஆசை வந்தது. வாய்தானே போயிற்று, விரல் இருக்கிறதே என்று. செத்துக் கிடந்த வலது கையைத் தொட்டுப் பயனில்லை. இடது கையின் மேல் துண்டைப் போட்டு உள்ளே என் கையை விட்டேன். இரண்டு விரலைப் பிடித்தேன். அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். திரும்பவும் முயன்றேன், திரும்பவும் இழுத்துக்கொண்டார், முகம் தெருப் பக்கமே இருந்தது. அதோடு விட்டுவிட்டேன். அவருக்கு அதெல்லாம் மறந்துபோயிற்று என்று முடிவு செய்துகொண்டு, அன்று மத்தியானம் கடைக்குள்ளேயே குனிந்து அழுதேன். யாரோ ரீசார்ஜ் கேட்டார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு கொடுத்தேன்.

அண்ணன் அம்பத்தூரில் லேத் பட்டறையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். வந்தால் நைனாவின் எதிரே உட்கார்ந்து "நைனா, நான் ராஜா வந்துக்கிறேன்" என்பான். நைனா அவனைத் தாண்டிப் பார்ப்பார். ஒவ்வொரு ஞாயிறும் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அவன் முகம் விழுவதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும். சித்திரை மாதத்தில் அவன் பேச்சை எடுத்தான்.

"செங்கல்பட்டு பக்கத்துல ஒரு இல்லம் இருக்குது, சுகா. நல்லா பாத்துக்கறாங்க. நான் போயி பாத்துட்டு வந்தேன்."

"நான் நல்லா பாத்துக்கலன்றியா?"

"நீ பாத்துக்கற. உன்னதான் யாரும் பாத்துக்கல. கண்ணாடில மூஞ்ச பாத்தியா நீ? அவரு மாடிப்படி கீய உக்காந்துக்கினு தெருவ பாக்கறாரு. அவருக்கு ஒண்ணும் தெரியலமா. நம்ம யாருன்னே தெரியல. எங்க இருந்தா இன்னா அவருக்கு?"

நான் சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன், வாய் எனக்கு எப்போதும் கொஞ்சம் நீளம். ஆனால் அவன் கடைசியாகக் கேட்டதை நானும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். நைனா உள்ளே இருக்கிறார் என்று தெரிந்தால் இந்த உலகமே வந்தாலும் அனுப்ப மாட்டேன். இல்லை என்றால், நான் யாருக்காக இப்படிப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறேன்? அது தெரியாமல் நான் தலையும் ஆட்டவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வைகாசி கருட சேவைக்கு ஊரெல்லாம் கூட்டமாக இருக்கும், கடையில் வியாபாரம் இருக்கும், அது முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்று அண்ணனே நாள் குறித்துவிட்டான்.

கருட சேவை என்றால் எனக்குத் தீபாவளி. வெளியூரிலிருந்து வந்திறங்குகிறவர்கள் எல்லார் கையிலும் கேமராவோ செல்போனோ இருக்கும். எல்லாருடைய கார்டும் சரியாகப் பெருமாள் வரும்போது நிரம்பிப்போகும். அந்த நேரத்தில் விலை கேட்டு அடுத்த மாதம் வருகிறேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் முன்கூட்டியே சரக்கு எடுக்க, எலக்ட்ரானிக் சாமான் மொத்தமாக விற்கிற சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கே நான் வழக்கமாக வாங்குகிற கடைச் சேட்டு உதட்டைப் பிதுக்கினார். எந்த நாட்டிலோ ஃபேக்டரி நின்றுபோய்விட்டதாம், கப்பலில் சரக்கு வரவில்லையாம். முதல் தடவையாக மெமரி கார்டு விலை ஏறியிருந்தது.

எனக்குள் இருந்த காஞ்சிபுரத்துக்காரி விழித்துக்கொண்டாள். ஜரிகைக் கடைக்காரர்கள் பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் நான். ஏறுகிற விலையில் வாங்கிப் போட்டால் இன்னும் ஏறும், அதுதானே நம் ஊர்க் கணக்கு. கையில் இருந்ததையெல்லாம் போட்டு ஒரு பெட்டி நிறைய ஒரு ஜிபி கார்டுகளாக வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த வாரம் முழுக்க வந்தவர்கள் எல்லாரிடமும் ஒரே விலைதான் சொன்னேன். முந்நூறு. பேரம் பேசியவர்களிடமும் முந்நூறு, பேசாதவர்களிடமும் முந்நூறு. வத்ஸலா டீச்சர்கூட அதற்குக் கீழே போகாது போலிருக்கே என்று யோசித்துக்கொண்டே போனார். சுமாராக விற்றது. மீதியைக் கருட சேவைக்கு என்று வைத்திருந்தேன்.

அடுத்த வாரத் தொடக்கத்திலேயே கப்பல் வந்துவிட்டது. எந்த நாட்டு ஃபேக்டரியோ, நின்றது தெரிந்த மாதிரி மறுபடி ஓடத் தொடங்கியதும் தெரிந்தது. சேட்டுக்கு போன் போட்டால், "இருநூறுக்கு எவ்ளோ வேணும் சொல்லும்மா" என்றார். நான் வாங்கிய விலையே அதற்கு மேல். ஊரில் மற்ற கடைகள் இருநூற்றைம்பதுக்கு இறக்கிவிட்டன. என் பெட்டியில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது, தின்னாமல் இளைத்துக்கொண்டு.

அந்தச் சமயம் வந்தவர்தான் காசிநாதன். வாலாஜாபாத்தில் போன் கடை வைத்திருக்கிறவர், வெள்ளைச் சட்டை, மென்மையான பேச்சு. மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன், சென்னைக்குப் போகிற பஸ் செலவும் ஒரு நாள் அலைச்சலும் எனக்கு மிச்சம், உனக்குச் சரக்கு காலி என்றார். நியாயமான ஆள்தான். நாற்காலியில் நைனா வழக்கம்போல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரநூறுன்னா இப்பயே எடுத்துக்கறேன்மா."

"வாங்குனதே அதுக்கு மேலண்ணே."

"தெரியும்மா. அடுத்த வாரம் இதுவும் நிக்காது. உனக்கும் தெரியும்."

தெரியும்தான். கருட சேவைக்கு வைத்திருந்தால் கொஞ்சம் போகும், மீதி தேங்கும், தேங்கினால் இன்னும் இறங்கும். ஃபேன் காற்றில் நைனாவின் துண்டு நழுவி, கண்ணாடிப் பெட்டிக்கும் நாற்காலிக்கும் நடுவே என் மடிமேல் விழுந்தது. அதை எடுத்துப்போடக்கூடத் தோன்றாமல் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"பத்து ரூவா சேத்து எடுத்துக்கங்கண்ணே" என்றேன்.

"சரிமா" என்று காசிநாதன் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

அப்போது என் கையை எதுவோ பிடித்தது. துண்டுக்கு அடியில், என் வலது கையின் மூன்று விரல்களைச் சேர்த்து, இறுக்கமாக. குனிந்து பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. அந்தக் கட்டை விரலின் காய்ப்பு எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும்.

நைனா தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றுமில்லை, மழை வருமா என்று யோசிப்பவரைப் போல. அவருடைய இடது கை துண்டுக்குள் இருந்தது.

சும்மா பிடித்திருக்கலாம், கை துடித்திருக்கலாம் என்று மனம் சொன்னது. நான் மெதுவாக அவருடைய இரண்டு விரலைப் பிடித்தேன். அவர் உதறினார். மறுபடி என் மூன்று விரல்களைப் பிடித்தார், முன்னைவிட இறுக்கி. நான் இரண்டு விரலைப் பிடித்து உள்ளங்கையில் ஒரு கீறு கீறினேன், இருநூற்றைம்பது என்று. அதற்கும் உதறல்தான். மூன்று. அதோடு என் உள்ளங்கையில் நகத்தை ஓர் அழுத்து அழுத்தினார். சந்தையில் சின்னப் பையன்கள் குறுக்கே பேசினால் அவர் கொடுக்கிற குட்டு மாதிரி இருந்தது அது.

"இன்னாமா, எண்ணிக் குடு" என்றார் காசிநாதன்.

"முந்நூறுண்ணே" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

"இன்னாது? இப்பதான எரநூத்திப் பத்துன்னு ஒத்துக்கின."

"எங்க நைனா முந்நூறுன்றாரு."

காசிநாதன் நைனாவைப் பார்த்தார், என் மடியில் கிடந்த துண்டைப் பார்த்தார். வாலாஜாபாத்துக்காரர் அல்லவா, சந்தை பார்த்தவர். பிறகு சிரித்தார், கேலியாக அல்ல.

"பெரியவரு போன வாரத்து வெலைய சொல்றாரும்மா" என்றார்.

அதுவரைக்கும் கை பேசுகிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அவர் அதைச் சொன்ன பிறகுதான் மிச்சமும் விளங்கிற்று. முந்நூறு என்று நைனாவிடம் யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. போன வாரம் முழுக்க நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் தெருவைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சேட்டு இறக்கியதை நான் போனில் மெதுவாகப் பேசியதால் அது அவர் காதில் விழவில்லை. தை மாதத்திலிருந்து இந்த மாடிப்படிக்குக் கீழே நான் பேசிய ஒவ்வொரு பேரத்தையும், அழுத அழுகையையும், அண்ணன் அவர் எதிரிலேயே "அவருக்கு ஒண்ணும் தெரியல" என்றதையும், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அன்றைக்கு அவர் கையை இழுத்துக்கொண்டதும் புரிந்தது. மறந்துபோனதால் இழுக்கவில்லை. நான் கேட்டது இடது கை. சாகிற வரைக்கும் எந்தத் தரகனும் கொடுக்காத கை. இன்றைக்கு மகள் முந்நூறு ரூபாய்ச் சரக்கை அடிமாட்டு விலைக்குத் தள்ளுகிறாளே என்று பொறுக்காமல் அந்தக் கையையே கொடுத்துவிட்டார். எவ்வளவு கூசியிருக்கும் அவருக்கு என்று நினைத்தபோது என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

காசிநாதன் வாங்காமல்தான் போனார். போகும்போது நைனாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "மனசு மாறுனா போன் பண்ணுமா, அந்த வெலைக்கே எடுத்துக்கறேன்" என்றார். நான் போன் செய்யவில்லை. நைனா சொன்ன விலைக்குக் கீழே அவர் எதிரில் மொத்தமாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. கருட சேவைக் கூட்டத்தில் சில்லறையாக இருநூற்றைம்பதுக்குக் கொஞ்சம் போயிற்று. மீதி தேங்கிக் கடைசியில் என்ன விலைக்குப் போயிற்று என்று கேட்காதீர்கள். வியாபாரத்தில் அதை நஷ்டம் என்பார்கள், சொல்லிக்கொள்ளட்டும்.

காசிநாதன் வந்துபோன அன்றே அண்ணனுக்குப் போன் செய்திருந்தேன். அவன் நம்பவில்லை.

"கை துடிக்கும்னு டாக்டரே சொன்னாரே, சுகா. நீ ஆசைப்பட்டுக்கினு இருக்க, அதான் உனக்கு அப்டி தெரியுது."

"துடிக்கிற கை முந்நூறுன்னு சொல்லுமா?"

"விடுமா. ஞாயித்துக்கெயம வேன் எட்தாரேன். துணி எல்லாம் மடிச்சி வை."

துணி மடித்துவைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல் நைனாவுக்குச் சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, கடைக்குக் கூட்டி வந்து உட்கார வைத்தேன். துண்டைத் தோளில் போட்டேன். அண்ணன் வேனைத் தெருவோரம் நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தான். கண் சிவந்திருந்தது, ராத்திரி தூங்கியிருக்க மாட்டான். எதிரே குந்தி உட்கார்ந்து, "நைனா, நான் ராஜா வந்துக்கிறேன்" என்றான். நைனா அவனைத் தாண்டிப் பார்த்தார்.

"பாத்தியா" என்றான் என்னிடம், மெதுவாக.

"மூஞ்ச பாக்காத. மூஞ்ச பாத்தா எந்தக் காலத்துல பதில் சொன்னாரு அவரு? கைய குடு" என்று துண்டை எடுத்து நைனாவின் இடது கையின் மேல் போட்டேன்.

"எடது கையா? வேணாம் சுகா, அவருக்குப் புடிக்காது" என்றான். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. ஒன்றும் தெரியாதவருக்குப் பிடிக்காமல் போவது எப்படி? என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, துண்டுக்குள் கையை விட்டான்.

"மெமரி கார்டு. ஒரு ஜிபி. வெலை கேளு" என்றேன்.

அண்ணன் தெருப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனும் சந்தை பார்த்து வளர்ந்தவன்தானே, உடம்பு தானாகத் திரும்பியது. அப்பனும் மகனும் நிறுத்தியிருந்த அந்த வேனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துண்டு லேசாக அசைந்தது. அண்ணன் ஏதோ கேட்டிருக்கிறான். துண்டு இன்னொரு முறை அசைந்தது.

"ரெண்டு விரலு. அப்பறம் ஒரு கீறு" என்றான். "எரநூத்தம்பதா?"

"இந்த வாரத்து வெலை அதான்" என்றேன். "கருட சேவைல நான் எல்லார்கிட்டயும் அதான் சொன்னேன். ஒக்காந்து கேட்டுக்கினு இருந்தாரு."

அண்ணன், நாற்பதைத் தொடப்போகிறவன், மீசையில் நரை விழுந்தவன், துண்டுக்குள் கையை வைத்துக்கொண்டு தேம்பினான். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம். நைனா மட்டும் வேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான். "நைனா, நான் உன்ன ஒரு எடத்துக்கு இட்டுக்கினு போவலாம்னு வேன் எட்தாந்தேன். நல்லா பாத்துக்குவாங்க. வரியா?"

அதற்கு விரல் கணக்கில் என்ன பதில் இருக்க முடியும் என்று நான் பயந்தேன். துண்டு கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு அசைந்தது, மெதுவாக, விட்டு விட்டு. அண்ணன் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. சுண்டு விரல், மோதிர விரல் என்று ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தார். ஒரு கையால் செய்கிற வேலை அது, நேரம் பிடித்தது. அண்ணன் தன் கையை அவர் இஷ்டத்துக்கு விட்டுவிட்டுச் சின்னப் பையனாக உட்கார்ந்திருந்தான். ஐந்து விரலும் மடங்கியது. சந்தையாக இருந்தால் மூடிய கையை எதிராளி பக்கம் தள்ளிவிட வேண்டும். நைனா தள்ளவில்லை. அப்படியே தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

வேன் டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். "இன்னா சார், கெளம்பலாமா?" என்று கேட்டான்.

அண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பேரம் படியலபா" என்றான். "நீ கெளம்பு."

டிரைவருக்குக் கொடுக்க வேண்டியதை நான்தான் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். அண்ணனுடைய கை இன்னும் துண்டுக்குள்ளேயே இருந்தது.